அவள் பங்கு எண்ணெய்

வாயைத் திற. நாக்கைத் தூக்கு.

எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று இதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. வெற்றிலை ஊறிச் சிவந்த வாய்கள், காய்ச்சல் நாற்றம் வீசும் வாய்கள், கடைவாய்ப் பல் விழுந்து குழியாகிப்போன வாய்கள். முகங்கள் அழிந்துவிட்டன. வாய்கள் அழியவில்லை. எஹலியகொடக் கடைவீதியில் மழை பிடித்துக்கொண்டால், என் மருந்துக்கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டும்போது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே தெரியும் இருட்டு எனக்கு ஒரு வாயாகத்தான் தெரிகிறது.

இந்த வருஷம் எங்கும் காய்ச்சல். அரசாங்கத்து ஆட்கள் வீடு வீடாக நுழைகிறார்கள். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றுகிறார்கள், வாசலில் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்க்கிறார்கள், கசப்பு வில்லையைக் கையில் வைத்து அதை விழுங்கும்வரை நகராமல் நிற்கிறார்கள். பக்கத்துத் துணிக்கடை முதலாளி நேற்று கொதித்துப்போய் வந்தார்.

"என்ட ஊட்டுக்குள்ள என்னக் கேக்காம ஒருத்தன் காலெடுத்து வெக்கிறதா? பொம்புளயள் ஈக்கிற ஊடு. நீங்க மருந்து படிச்ச மனிசன். செல்லுங்க பாப்பம், இது ஞாயமா?"

நான் சீசாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது நியாயம். அந்த ஆட்கள் நுழையாவிட்டால் அவர் வீட்டிலேயே இரண்டு பாடை புறப்படும் என்பதும் நிஜம். இரண்டும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரே கூரையின் கீழ் இருக்குமா என்பதைத்தான் நான் பதினைந்து வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. இந்த ஊருக்கு மேலே ஏறும் மலையில் ஒரு தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவே கூலிகள் குடியிருக்கும் மூன்று லயம், அட்டை, மழை. நான் அங்கே டிஸ்பென்சர். மருந்து கலக்குகிறவன், புண் கட்டுகிறவன். ஜனங்கள் டாக்டரய்யா என்றார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

அந்த மலையில் மனிதர்கள் வெளுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். கறுத்த உடம்பு வெளுப்பது ஒரு தனி நிறம்; மழையில் ஊறிய வைக்கோல் சாம்பலைப் போல. நகம் வெள்ளை, இமைக்குள் வெள்ளை, நாக்கு வெள்ளை. ஏற்றத்தில் பத்து அடி வைத்தால் மூச்சு நின்று நின்று வரும். ஒன்றிரண்டு பேர் அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றார்கள். வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறி, குடலில் கொக்கி போட்டுத் தொங்கி, ரத்தத்தை உறிஞ்சும் புழு. கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவதால் யாரும் நம்பவில்லை. சோகை, செய்வினை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொரு பெயர் வைத்துப் புதைத்தார்கள்.

அதை ஒழிக்க அரசாங்கம் ஆள் அனுப்பியது. எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, ஒரு பெட்டிக்குள் பூதக்கண்ணாடி. கூடவே ஒரு சிங்களப் பியூன். முதல் நாளே துரையின் உத்தரவோடு ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா கொடுத்தார்கள், மேலே பெயர் ஒட்டி. காலையில் போன மலத்தில் கொஞ்சம் அதில் வைத்துத் தர வேண்டும். லயம் முழுக்கச் சிரிப்பு. "மலைக்குப் போட்ற எருவுக்குக் கூட இந்த மருவாதி இல்லையேப்பா!" ஒரு வீட்டில் ஆறு டப்பாவையும் ஒரே ஆள் நிரப்பிக் கொடுத்தான். இன்னொருவன் ஆட்டுப் புழுக்கை. அதிகாரி பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"இந்த மனுஷன் புல்லுத் தின்னுறாரோ எண்டு கேளும்."

அவரும் சிரிக்கத் தெரிந்தவர்தான். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவரைக் கொடியவராக நினைத்துக்கொள்ள முடிந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டிருக்காது.

மருந்து ஒரு எண்ணெய். முதல் நாள் மாலை கஞ்சி மட்டும். மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில், சர்க்கரையில் சொட்டிய எண்ணெய் ஒரு கரண்டி. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் பேதி உப்பு. மூட்டைப்பூச்சியைக் கற்பூரத்தில் நசுக்கியது போல ஒரு வாடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தோட்டத்தில் ஒருவர் விடாமல். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது, அது கருவைக் கலைத்துவிடும். அவர்கள் பிரட்டுக்களத்து ஓரத்தில் இருந்த பலா மரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். தினமும் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் களம் அது. துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணிகளும், மாமனாரும் கொழுந்தனும், எல்லோரும் நிற்கும் களம்.

முதல் சுற்றில் ஒருவன் மறுத்தான்.

கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை அவன் வெட்டிவிட்டுப் போனால் சீவிய மேசை போல இருக்கும். நல்ல உயரம், வாய்த்துடுக்கு, அவனுக்கும் அந்த வெளுப்பு. கரண்டியை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மலையில வெட்டுறது தொரை செடி, சரி. இருக்கிறது தொரை லயம், அதுவும் சரி. வயித்துல இருக்கிறது என் பூச்சிங்க. அதுக்குமா பேர் போட்டு வச்சிருக்கீங்க?"

களம் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனுடைய கங்காணி, முறையில் அவனுக்குச் சின்னய்யா, கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, வாயைத் தொறடா! ஒன்னால எல்லாருக்கும் கேடுடா."

அதிகாரி கங்காணியை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல், எனக்குக் கற்றுக்கொடுப்பது போலச் சொன்னார்:

"இவர் ஒராள் போதும். இவர் மலையில வெளிக்கு இருந்துபோட்டு வருவார். அந்த மண்ணில மற்றவன் கால் வைப்பான், அவன்ர பிள்ளை கால் வைக்கும். இவர் தன்ர வயிறு எண்டு சொல்லுறார். அது இவர்ர வயிறு மட்டுமில்லை. பிடியும்."

இரண்டு பேர் கைகளைப் பிடித்தார்கள். பியூன் தாடையைப் பிடித்தான். "கட அரின்ன, மல்லி" என்றான். வாயைத் திற, தம்பி. நான் மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்த கணத்தில் கரண்டியைக் கவிழ்த்தேன். விழுங்கினான். அவன் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து என் கட்டைவிரலை நனைத்தது. அவன் மனைவி பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. யார் எங்கே நின்றார்கள் என்பதை மனசு பின்னால்தான் வரைந்து வைத்துக்கொள்கிறது.

இரண்டு மாதத்தில் அவன் முகத்தில் ரத்தம் ஊறியது. ஒருநாள் ஏற்றத்தில் என்னைத் தாண்டிக்கொண்டு போனவன் திரும்பி நின்று, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"மூச்சு வாங்கலைங்கய்யா இப்ப."

அவ்வளவுதான். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆனால் அன்று எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். நான் மூக்கைப் பிடித்தது சரிதான் என்று மலையே எழுந்து நின்று சொன்னது போல இருந்தது. பலவந்தத்துக்கு அந்த ருசி உண்டு. அது பலித்துவிட்டால் அடுத்த முறை யோசிக்கவிடாது.

இரண்டாம் சுற்றுக்கு முதல் நாள் பிற்பகல். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடை முதுகில் தொங்க, அவன் மனைவி மருந்தறைப் படிக்கட்டில் வந்து நின்றாள். கொடகவெலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டு வருஷமாயிற்று, பிள்ளையில்லை. பேச்சுக் குறைவு. கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

அன்று காலையிலிருந்து எனக்கு இதே வேலை. ஒருத்திக்குத் தலைவலி, ஒருவனுக்குக் குலதெய்வத்துக்கு விரதம், இன்னொருவனுக்குக் கனவில் எண்ணெய் வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லாம் எண்ணெய்க்குத் தப்பிக்கும் வழி.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க." தரையைப் பார்த்தாள். "நாளைக்கு அந்த எண்ணெ... எல்லாருக்குமுங்களா?"

"எல்லாருக்கும்தான். ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க." வாசல் தண்ணீரில் மழை குத்திக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று, ஒரே மூச்சில்: "என் பங்கையும் அவரே குடிச்சிட்டா ஆகாதுங்களா? அவருக்குத் தாங்கும். எப்படியும் ஒரே வீடுதானுங்களே."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு.

"போன தடவ அவன் ஒரு பங்குக்கே அந்தப் பாடு படுத்துனான். ரெண்டு பங்கா? போம்மா, போய்க் கஞ்சி குடிச்சிட்டுப் படு."

அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். கூடையைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே அதிகாரியிடம் இதைச் சொன்னேன். "நல்ல மனுஷி," என்றார். "ஆனா வயிறு ரெண்டல்லோ." பியூனுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். விடிவதற்குள் அது மூன்று லயத்துக்கும் போய்விட்டது.

காலையில் தப்பு அடித்து எல்லோரும் களத்தில் கூடியபோதே கிண்டல் தொடங்கிவிட்டது.

"என்னப்பா, இன்னிக்கு ஒனக்கு ரெண்டு கரண்டியாமே!"

"கட அரின்ன! பெருசா அரின்ன!"

"பொண்டாட்டி பங்குல சோறு தின்னதக் கேட்டிருக்கேன், பேதி தின்னவன இப்பத்தான்டா பாக்குறேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்து வாயில் கவ்விக்கொண்டாள். அவர்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே கங்காணி, அவளுக்கு மாமனார் முறை, பிரம்போடு நின்றார்.

நான்தான் கூவினேன். என் குரல் நன்றாகக் கேட்கும்.

"புள்ளத்தாச்சிங்க யாரு? பலா மரத்தடிக்குப் போங்க!"

நான்கு பேர் போனார்கள். நான்கும் மேடிட்ட வயிறு, கண்ணிருக்கும் யாருக்கும் தெரியும். "வேற யாருமில்லையா?" என்று இன்னொரு தரம் கூவினேன். யாருமில்லை. இருநூறு ஆண்கள் பார்க்க, எந்தப் பெண் நடப்பாள் அந்த இருபது அடியை, தன் வயிற்றில் இன்னும் தானே நம்பாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு?

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டிலும் அப்படித்தான். மூன்று மாதம் முடிந்து அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும்வரை வாய்விடக்கூடாது. சொன்னால் கண் விழும், தங்காது. இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான், அரசாங்கத்தின் கேள்வியை அரசாங்கத்தின் தொண்டையிலேயே கேட்டேன்.

அவள் முறை வந்தது. வாயைத் திற என்றேன். திறந்தாள். போன தடவை கணவனுக்கு நடந்ததைப் பார்த்தவள், பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. நாக்கைத் தூக்கு என்றேன். தூக்கினாள். விழுங்கியிருந்தாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் பார்ப்பது போல. இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது கரண்டி. அதையும் நானே.

மறுநாள் நடுப்பகலில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அய்யா, வந்து பாருங்க. வெளியில சொல்லக்கூடாதுங்கறா. நிக்கமாட்டேங்குது."

லயத்து அறையில் புகை, ஈரச் சாக்கு, இரும்பு நாற்றம். போக வேண்டியது போய்விட்டிருந்தது. ரத்தத்தை மட்டும் என்னால் நிறுத்த முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்: முன்னால் இரண்டு தடவை கரு நின்றதாம். இரண்டு தடவையும் சந்தோஷத்தில் முதல் மாதமே புருஷனிடம் சொல்லிவிட்டாளாம், இரண்டும் தங்கவில்லையாம். அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சுவிடவில்லையாம். அவனிடம்கூட.

அவன் பின்பக்கம் வாழையடியில் மண்ணை மூடிவிட்டு மண்வெட்டியோடு நின்றான்.

"ஒங்ககிட்ட வந்தாளாமே."

"சொல்லலையேப்பா அவ."

"சொல்லலைங்க," என்றான். "கேட்டா."

அதிகாரி அடுத்த தோட்டத்தில் இருந்தார். நடந்தே போய்ச் சொன்னேன். பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தவர் வெகுநேரம் கண்ணாடித் தகட்டையே துடைத்தார். பிறகு, "நாங்கள் கேட்டனாங்கள்தானே," என்றார். அவருக்கே அது போதவில்லை. "எத்தனை பேரை இந்த எண்ணெய் காப்பாத்தியிருக்கு, உமக்குத் தெரியும்." தெரியும். அந்த வருஷம் லயத்தில் சோகைப் பாடை ஒன்றுகூடப் புறப்படவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இனிமேல் மரத்தடிக்கு யார் போனாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. எத்தனை மாதம் என்று கேட்கக்கூடாது. வயிறு தெரிகிறதா என்று பார்க்கக்கூடாது. கூவவும் கூடாது. பெண்கள் வேலைக்குப் போவது போல நடந்து போகட்டும். போனவளுக்கு எண்ணெய் இல்லை.

"எல்லாரும் போய் நிண்டிடுவினம்."

"நிக்கட்டுமுங்க."

யோசித்தார். "சரி. மரத்தடியில நிக்கிறவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கக் கூடாது. இவ்வளவுதான் என்னால ஏலும்."

எல்லோரும் போய் நிற்கவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் பேர், பத்துப் பேர். அதில் நிஜம் எத்தனை, பயம் எத்தனை, சோம்பல் எத்தனை என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. அந்தப் பலா மரம் சர்க்காரின் கை எட்டாத இருபது அடி நிலம். அதை வாங்கிக் கொடுத்தவன் நான் என்று எனக்கு உள்ளூரக் கர்வம் இருந்தது.

அவள் ஒவ்வொரு சுற்றிலும் போனாள்.

மூன்றாம் சுற்றில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் சுற்றில் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஐந்தாம் சுற்றில் ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "ஏன்டி, ஆனைக்குத்தான் இத்தன மாசம்னு சொல்லுவாங்க. ஒனக்கென்ன, ஆனையா?" அவள் திரும்பவில்லை. மரத்தில் முதுகை ஒட்டி, பிசின் வழியும் பட்டையில் உள்ளங்கையை வைத்து, கூட்டம் முடியும்வரை நின்றாள். ஏற்பாட்டின்படி நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறாம் சுற்றில் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. உதடும் நகமும் ஒரே வெள்ளை. கொழுந்துக் கூடையைத் தூக்க இன்னொருத்தி உதவ வேண்டியிருந்தது. அடுப்பு மண் தின்கிறாள் என்று சொன்னார்கள்.

லயத்துக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வாடை என் சட்டையிலேயே இருக்கும். என்னைக் கண்டதும் முக்காட்டால் மூக்கை மூடினாள்.

"இந்தாம்மா, நான் பிரட்டுல கேக்கல. இங்க யாருமில்ல. ஒனக்குள்ள அந்தப் பூச்சி குடிச்சிக்கிட்டு இருக்கு. ஒரு தடவ குடிச்சா எழுந்திரிச்சிடுவ."

"இருந்தா?"

"என்ன இருந்தா?"

"இந்த நாலு மாசமா குளிக்கலைங்க." மிக மெதுவாகச் சொன்னாள். மாதவிலக்கு வரவில்லை என்று. மூன்று மாதம் முடிந்துவிட்டது, சொல்லலாம். அதற்காகவே காத்திருந்து சொல்வது போல. "இருந்தாலும் இருக்கும்லங்க."

ரத்தம் வற்றிப்போன உடம்பில் அது நின்றுவிடும். ஊற ஒன்றுமில்லாத கிணறு. அதுதான் காரணம் என்று எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தெரியும். மிச்சம் பத்து? வயிற்றைத் தொட்டுப் பார்க்க விடவில்லை. விட்டிருந்தாலும் என் விரலுக்கு அவ்வளவு படிப்பில்லை. பெரியாஸ்பத்திரிக்கு இரத்தினபுரிக்கு அனுப்புகிறேன் என்றேன். அங்கேயும் அந்த எண்ணெயைத்தானே கொடுப்பார்கள் என்றாள். நான் பொய் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்க," என்றாள். குரலில் பழி இல்லை; வழி சொல்வது போலச் சொன்னாள். "இன்னிக்கு நான் கேக்கலைங்க. விட்ருங்க."

அடுத்த வாரம் அவன் மருந்தறைக்கு வந்தான். கவ்வாத்துக் கத்தியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, என் காலில் விழுந்தான்.

"புடிச்சு ஊத்துங்கய்யா."

"எந்திரிப்பா."

"என்னைப் புடிச்சு ஊத்துனீங்கள்ல? நான் செத்தா போயிட்டேன்? மலை ஏறுறேன்ல? அந்த மாதிரி ஊத்துங்க. நான் கையப் புடிச்சுக்கிறேன். மூக்க நீங்க புடிங்க."

"அவ மாசமா இருக்கேங்கறா."

"இல்லைங்கய்யா." அழுதுகொண்டே சொன்னான். "எனக்குத் தெரியாதா? அந்தப் பலா மரத்த வெட்டிப்போடுங்க. அது இருக்கிறதாலதான் போய் நிக்கிறா."

அதிகாரியிடம் போனேன். அவருக்கு நரை விழுந்திருந்தது. "சட்டம் என்ர பக்கம் இருக்கு," என்றார். "நீர் ஓம் எண்டு சொன்னா, நாளைக்கு ரெண்டு பேரோட வாறன். ஆனா மரத்தடியை வேண்டினது நீர். நீர்தான் சொல்லவேணும்."

அவர் வரவில்லை. நானே போனேன், கரண்டியும் சீசாவும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அவன் அவளைப் பின்னாலிருந்து மார்போடு அணைத்துப் பிடித்தான். பிடி என்றே சொல்ல முடியாது, அவ்வளவு மெலிந்திருந்தாள். நான் மூக்கைப் பிடித்தேன். குளிர்ந்த மூக்கு. அவள் திமிறவில்லை. இரண்டு கைகளாலும் அடிவயிற்றை மட்டும் மூடிக்கொண்டாள், அடி விழப் போகிறவர்கள் தலையை மூடுவது போல. உதடு இறுகியிருந்தது. மூச்சுக்காக எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் வாய் பழக்கம். இன்னும் இரண்டு எண்ணினால் திறந்துவிடும்.

நான் விரலை எடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்கு ஒரே பதில் இல்லை. அந்தப் பத்துக்காக என்று சில நாள் சொல்லிக்கொள்கிறேன். ஒருமுறை கேட்டவளுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பதில் அதுதான் என்று சில நாள். என் கைக்குப் பயம், அவ்வளவுதான் என்று மழை நாட்களில். அவன் என்னைப் பார்த்த பார்வையில் முதல் சுற்றில் இருந்த வெறுப்பைவிட அதிக வெறுப்பு இருந்தது.

ஐப்பசி மழையில் செத்துப்போனாள். குளிப்பாட்டிய பெண்களில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் ஒருத்தி. திரும்பி வரும்போது மருந்தறை வாசலில் நின்றாள். நான் கேட்கவில்லை. அவளாகவே, முந்தானையைப் பிழிந்துகொண்டு, "ஒண்ணுமில்லைங்கய்யா, ஒட்டிக் கெடந்துச்சு வயிறு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழாம் சுற்று வந்தது. களம், தப்பு, மழைத் தூறல், சர்க்கரைத் தட்டு. பலா மரத்தடிக்கு ஏழு பெண்கள் போய் நின்றார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆண்கள் வரிசையில் அவன் முன்னால் வந்து நின்றான். அவன் இடம் அதுவல்ல, கங்காணி தடுக்கவில்லை. நான் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தான். ஊற்றினேன். விழுங்கினான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒழுங்காக, பள்ளிப் பிள்ளை சிலேட்டைக் காட்டுவது போல.

ஆனால் நகரவில்லை. மறுபடி வாயைத் திறந்தான்.

"ஆச்சுப்பா," என்றேன். "ரெண்டாவது, ரெண்டு மணி நேரம் கழிச்சு."

"இது அவ பங்கு."

களத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.

"ரெண்டு பங்கு ஒரு ஆளுக்குக் குடுக்கக் கூடாதுப்பா. ஒடம்புக்கு ஆகாது."

"அவளுக்கு இதைத்தானுங்களே சொன்னீங்க." வாயைத் திறந்தபடியே பேசியதால் எண்ணெய் உதட்டோரம் வழிந்தது. "எனக்குத் தாங்கும்னு அவ சொன்னாள்ல. ஊத்துங்க."

அதிகாரி என் பக்கத்தில் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டிருந்தது. என் கரண்டியில் ஒன்றுமில்லை, அதை நான் நீட்டியபடியே வைத்திருந்தேன். கடைசியில் கங்காணி வந்தார். முதல் சுற்றில் கையை ஓங்கியவர்தான்; இப்போது அந்தக் கையால் அவன் தோளைத் தொட்டார். "வாப்பா," என்றார். அவன் வாயை மூடவில்லை. திறந்த வாயோடே, இழுத்த பக்கம் நடந்தான்.

"அடுத்த ஆள்," என்றார் அதிகாரி.

அடுத்த ஆள் வந்து நின்றான். வாயைத் திற என்றேன்.